மிதிக் கடைசல்: ஒரு பழைய இயந்திரத்தை அறிந்ததும் மீட்டதும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

முன்னுரை

'கடைதல்' என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு பொருள் உண்டு. அடுக்களையில் அம்மா மோர் கடைகிறாள். பட்டறையில் ஆசாரி கட்டில் கால் கடைகிறார். வேலை வேறு, பொருள் வேறு. ஆனால் சொல் ஒன்று. மரம் கடையும் பழைய முறையைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு தோன்றாது. மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி, மத்தைச் சுழற்றுவது போலவே முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவார்கள். ஒரு திசையில் சுழலும்போது உளி வெட்டும். மறு திசையில் சுழலும்போது உளி சும்மா இருக்கும். பாதி நேரம் வேலை, பாதி நேரம் ஓய்வு.

கயிற்றை நீக்கி ஒரே திசையில் ஓயாமல் சுழலச் செய்ததும், கையில் பிடித்த உளியை இரும்புத் தாங்கியில் இறுக்கி நீண்ட திருகு ஒன்றால் நகர்த்தியதும் இயந்திரத் தொழிலின் பெரிய திருப்பங்கள். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 1800-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த மரை வெட்டும் கடைசல் இயந்திரம் இன்றும் அந்நகரின் அறிவியல் காட்சியகத்தில் உள்ளது. இன்று நாம் 'லேத்' என்று சொல்லும் எல்லா இயந்திரங்களும் அந்த வழியில் வந்தவையே.

அப்படிப்பட்ட பழைய லேத் ஒன்று சென்ற ஆண்டு எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அது எது, எங்கே செய்யப்பட்டது என்று எவ்வாறு அறிந்தோம், அதை எவ்வாறு மீண்டும் ஓடச் செய்தோம் என்பதை நம் கல்லூரி மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் வகையில் இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

இயந்திரம் வந்த விதம்

என் தந்தையார் நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிறிய லேத் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நெல் அரவை மில்களின் ஹல்லர் உருளை, பம்புசெட் ஷாப்ட், எண்ணெய் எஞ்சின் போல்ட் ஆகியவைதாம் அங்கு வரும் வேலைகள். பட்டறையின் உரிமையாளரை எல்லாரும் 'பெரியவர்' என்றே அழைப்பர். அவர் காலமான பின் வெளியூரில் தொழில் செய்யும் அவருடைய மகன் வந்து, பட்டறையை மூடிவிடப் போவதாகச் சொன்னார். என் தந்தைக்குச் சேர வேண்டிய கூலிப் பாக்கி 12,000 ரூபாய் இருந்தது.

பட்டறையின் மின்சார லேத்துகள் இரண்டும் விலைபோய்விட்டன. மூலையில் சாக்குப் போர்த்திய ஒரு பழைய லேத் மட்டும் நின்றது. மோட்டார் இல்லை, கீழே நீண்ட மிதிப்பலகையும் பெரிய சக்கரமும் உண்டு. தையல் மிஷின் போல மிதித்து ஓட்டுவதால் அதற்குத் 'தையமிஷின் லேத்து' என்றே பெயர். பழைய இரும்புக் கடைக்காரர் அதை எடை போட்டார்; ஏறத்தாழ 350 கிலோ. அவர் பேசிய விலையும் தந்தையின் பாக்கியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

"அண்ணே, காசா வேணுமா, மிஷினா வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார் பெரியவரின் மகன்.

அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் வேலை காத்திருந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அடுக்களை ஒழுகுகிறது. தந்தையார் சிறிது நேரம் நின்றார். பிறகு, "மிஷின எடுத்துக்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். டிராக்டரில் ஏற்றி வந்து இறக்கிய அன்று அம்மா வெளியே வந்து பார்க்கவுமில்லை, பேசவுமில்லை.

தந்தையின் முடிவுக்குக் காரணம் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபோது நம் பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்காக மின்சாரம் இல்லாமற் போனதை நாம் மறக்கவில்லை. மின்சார லேத்துகள் எல்லாம் நின்றன. அப்போது பெரியவர் இந்த மிதி லேத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு, எஞ்சின் போல்ட்டுகளும் பம்பு புஷ்களும் கடைந்து கொடுத்தார். மிதித்தவர் என் தந்தை. அதன் பிறகு அது மூலையிலேயே நின்று துருவேறியது.

அறிதல்: முதற்படி, அளவெடுத்தல்

பெயர் தெரியாத இயந்திரத்தைப் பழுது பார்ப்பது கடினம். அதன் மரை எந்த முறை, பற்சக்கரங்கள் எந்த வரிசை என்று தெரிந்தால்தான் உடைந்த பாகத்துக்கு மாற்றுச் செய்ய முடியும். ஆகவே முதலில் அளவெடுத்தேன். வெர்னியர் அளவுகோலும் திருகு அளவியும் நம் ஆய்வகத்தில் முதலாண்டிலேயே பழகிய கருவிகள். 'மீச்சிற்றளவு கண்டுபிடி' என்று தேர்வுக்காக எழுதியது வீட்டுக் கொட்டகையில் பயன்படும் என்று அப்போது நினைத்தேனில்லை.

லீட் ஸ்க்ரூ எனப்படும் நீண்ட திருகில் 20 புரிகளின் நீளம் 127 மி.மீ. எனவே புரியிடைத் தூரம் 6.35 மி.மீ.; அதாவது சரியாகக் கால் அங்குலம். அங்குலத்துக்கு நான்கு மரை. ஆகவே இது மெட்ரிக் முறையில் பிறந்த இயந்திரம் அன்று.

அடுத்து, தலைப்பகுதியை இறுக்கும் அரை அங்குல போல்ட் ஒன்றைக் கழற்றிக் கல்லூரிக்கு எடுத்து வந்தேன். பேராசிரியரின் அனுமதியுடன் நகரும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது புரியிடைத் தூரம் 2.12 மி.மீ. எனக் கிடைத்தது. அங்குலத்துக்கு 12 மரை. இந்த எண் முக்கியமானது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த முறையில் அரை அங்குல போல்ட்டுக்கு 12 மரை. அமெரிக்க முறையில் 13 மரை. மரையின் கோணமும் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. ஆகவே ஒரே போல்ட் அமெரிக்காவை விலக்கிவிட்டது.

ஆனால் இதனால் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிட முடியாது. நம் நாட்டிலும் விட்வொர்த் மரையே நெடுங்காலம் வழங்கியது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஹரிஹரில் 1941-இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், பெங்களூரில் 1953-இல் தோன்றிய எச்.எம்.டி. ஆகியவை லேத் செய்தன. பஞ்சாபின் பட்டாலா, குஜராத்தின் ராஜ்கோட் ஆகிய ஊர்களிலும் லேத் செய்யும் பட்டறைகள் பெருகின. ஆங்கிலேய மாதிரியைப் பார்த்து இங்கே வார்த்த பெயரில்லா லேத்துகளும் உண்டு. எனவே வேறு சான்று வேண்டும்.

அறிதல்: இரண்டாம்படி, மைப்படி

லேத்தின் 'பெட்' என்னும் நீண்ட அடிப்பாகத்தின் முன்பக்கம் கறுப்பு, பச்சை, மறுபடி கறுப்பு எனப் பல பூச்சுகள் ஏறியிருந்தன. அதன் நடுவே விரலுக்கு மேடு தட்டியது. "அது வார்ப்புல வந்த பிசிறு" என்றார் தந்தையார். இருபத்தெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

சுரண்டிப் பார்க்க அரத்தை எடுத்தேன். பிறகு தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாங்கள் சென்ற கல்விச் சுற்றுலா நினைவுக்கு வந்தது. அங்குள்ள கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் கல்லைச் சுரண்டுவதில்லை. ஈரத் தாளை ஒற்றி மை தட்டி 'மைப்படி' எடுக்கிறார்கள் என்று அன்று கேட்டிருந்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் அந்த இடத்தை மெல்லத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தேன். காசின் மேல் தாளை வைத்துத் தேய்க்கும் குழந்தை விளையாட்டுதான். எழுத்துகள் எழுந்தன. முதலில் நடுவில் சில. மறுநாள் மேலும் சில. ஆங்கிலத்தில் 'பிரிட்டானியா கம்பெனி, கோல்செஸ்டர்' என்று இருந்தது.

தந்தைக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். "இத்தன வருசமா கை வச்சிகிட்டே இருந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

கோல்செஸ்டர் என்பது இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பழைய நகரம். பிரிட்டானியா கம்பெனி அங்கே காலால் மிதித்து ஓட்டும் லேத்துகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. பின்னாளில் எண்ணெய் எஞ்சின்களும் செய்தது. அதே ஊரில் 1887-இல் தோன்றிய கோல்செஸ்டர் லேத் கம்பெனி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. பிரிட்டானியா கம்பெனி லேத் செய்வதற்கு முன்பு செய்துவந்த பொருள் தையல் இயந்திரம். நம் பட்டறைக்காரர்கள் ஒன்றும் அறியாமல் வைத்த 'தையமிஷின் லேத்து' என்னும் பெயர் அதன் பிறப்பிடத்துக்கும் பொருந்திவிட்டது! எஞ்சியுள்ள பிற பிரிட்டானியா லேத்துகளின் படங்களோடு பேராசிரியர் ஒப்பிட்டுப் பார்த்ததில் கால்களின் வளைவும் மிதிப்பலகையின் அமைப்பும் ஒத்திருந்தன.

இது இவ்வூருக்கு எப்படி வந்தது? தம் தந்தை நாகப்பட்டினத்தில் ரயில்வே ஏலத்தில் எடுத்தது என்று பெரியவர் சொல்வாராம். நடந்திருக்கக் கூடியதுதான். நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இணைத்த ரயில் பாதை 1861-62 ஆண்டுகளில் அமைந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928-இல் அது திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. ஆனால் இயந்திரத்தின் உடல் முழுதும் தேடியும் ரயில்வே முத்திரை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இதை வாய்மொழிச் செய்தியாக மட்டும் இங்கே குறிக்கிறேன்.

அறிதல்: மூன்றாம்படி, புள்ளியும் கோடும்

மரை வெட்டும்போது மாற்றி மாற்றிப் பூட்டும் பற்சக்கரங்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பற்களை எண்ணினேன். 20, 25, 30 என ஐந்தைந்தாக ஏறி 120 வரை செல்லும் வரிசை. ஆனால் 45, 95, 110 ஆகியவை காணவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உளியால் தட்டிய புள்ளிகளும் சிறு கோடுகளும் இருந்தன. அவை விபத்தில் பட்ட வடுக்கள் என்று எண்ணி உப்புத்தாளை எடுத்தேன்.

தந்தையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத அழிச்சிப்புட்டா நான் எப்படிப் படிக்கிறது?" என்றார்.

புள்ளி ஒன்றுக்குப் பத்து; கோடு ஒன்றுக்கு ஐந்து. இரண்டு புள்ளி என்றால் 20 பல். ஐந்து புள்ளி, ஒரு கோடு என்றால் 55. எட்டுப் புள்ளி, ஒரு கோடு என்றால் 85. எண் படிக்கத் தெரியாத கைவேலையாட்களுக்காகப் பெரியவரின் தந்தை தட்டி வைத்தது. என் தந்தை சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவர் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் இதுவே. "அர அங்குல மரைக்கு ரெண்டு புள்ளி மேல, ஆறு புள்ளி கீழ" என்று அவர் மனப்பாடமாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை. வெட்ட வேண்டியது 12 மரை. விகிதம் 4/12, அதாவது 20/60. சரியாக இருந்தது. கோல்செஸ்டர் எழுத்தை நான் படித்தேன். இதை அவர்தாம் எனக்குப் படிப்பித்தார். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

மீட்டல்: துருவை நீக்குதல்

பழைய இயந்திரத்தை மீட்பதில் முதல் விதி, கெடுக்காதிருத்தல். எமரிச் சக்கரத்தால் பெட்டைத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் நேர்கோடு போய்விடும். நேர்கோடு போன லேத் எடைக்குப் போட மட்டுமே ஆகும். ஆகவே பெட்டை மண்ணெண்ணெயும் செப்புத் தகடும் கொண்டு மெல்லவே துடைத்தோம். எழுத்துள்ள இடத்தில் பழைய பூச்சை விட்டுவைத்தோம்.

சிறு பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு முறையைக் கையாண்டேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா. துருவேறிய பாகத்தை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். துரு தளர்ந்து கறுப்புச் சேறாக உதிரும். இதைச் செய்ய விரும்புவோர் மூன்று எச்சரிக்கைகளை மனத்தில் கொள்க. ஹைட்ரஜன் தீப்பற்றும், ஆகவே திறந்த வெளியில் செய்க. சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்புப் போடக் கூடாது. குளோரின் நச்சு வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வர் வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகக் கரையும்.

நான்காவது எச்சரிக்கை என் பிழையில் கற்றது. ஒரு மாலை அவசரத்தில் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். 55 பல் சக்கரம் நேர்முனைக்குப் போய்விட்டது. மின்னோட்டம் 4 ஆம்பியர். இரண்டு மணி நேரம். ஃபாரடே விதிப்படி கணக்கிட்டால் கரையக்கூடிய இரும்பு அதிக அளவாக 8.3 கிராம். சோடாக் கரைசலில் அவ்வளவும் கரையவில்லை. எனினும் பற்களின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்தன. வகுப்பில் எதிர்முனை, நேர்முனை என்று சரியாக எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். தந்தையார் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

மீட்டல்: தேய்ந்த நட்டும் நாச்சியார்கோவிலும்

லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் 'ஆஃப் நட்' என்னும் பாகம் வெண்கலத்தால் ஆனது. அதன் மரை முற்றும் தேய்ந்திருந்தது. இதற்கு எங்கே போவது? நம் நாட்டிலேயே விடை இருந்தது. குத்துவிளக்குக்குப் பெயர் பெற்ற நாச்சியார்கோவில் நமக்குத் தொலைவில் இல்லை. காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண்ணில் அச்செடுத்து உலோகம் வார்ப்பதும், வார்த்ததைக் கடைசல் பிடித்து மெருகேற்றுவதும் அங்கே வழிவழி வரும் தொழில். பழைய நட்டை மாதிரியாகக் கொண்டு சற்றுப் பெரிதாக மரத்தில் அச்சு செய்து கொடுத்தோம். உலோகம் குளிரும்போது சுருங்கும் அல்லவா? விளக்கு வார்க்கும் பட்டறையில் நட்டும் வார்க்கப்பட்டது. உள்மரையை மன்னார்குடியில் தந்தைக்குத் தெரிந்த ஒருவரின் மின்சார லேத்தில் வெட்டிக்கொண்டோம். கோல்செஸ்டரின் திருகைக் காவிரி மண்ணில் பிறந்த நட்டு இன்று கவ்விப் பிடித்திருக்கிறது.

மீட்டல்: மட்டமும் சோதனையும்

லேத்தின் கால்கள் ஒரே மட்டத்தில் இல்லையெனில் நீண்ட பெட் சிறிதே முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கடையும் கம்பியில் தெரியும். 25 மி.மீ. இரும்புக் கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, 100 மி.மீ. நீளம் கடைந்து, இரு முனைகளிலும் திருகு அளவியால் விட்டம் அளந்தோம். வேறுபாடு 0.07 மி.மீ. கால்களின் அடியில் தகரத் துண்டுகளைச் செருகி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மீண்டும் கடைந்தோம். பத்தாவது முறை வேறுபாடு 0.02 மி.மீ. ஆனது. பெட் தேய்ந்திருப்பதால் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

மிதியில் உள்ள இயற்பியல்

காலின் மிதி விட்டு விட்டு வருவது. உளிக்கோ சீரான சுழற்சி வேண்டும். இடையில் நின்று சமன் செய்வது கனமான சக்கரம். அதைக் கழற்றி நெல் எடைபோடும் மேடையில் வைத்தோம், 38 கிலோ. எடையின் பெரும்பகுதி விளிம்பிலேயே உள்ளது. விளிம்பின் சராசரி ஆரம் 0.28 மீட்டர். நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 38 × 0.28 × 0.28, அதாவது 3 கி.கி. மீ². நிமிடத்துக்கு 90 சுற்று எனில் கோணத் திசைவேகம் 9.42 ரேடியன்/வினாடி. எனவே தேங்கும் இயக்க ஆற்றல் சுமார் 130 ஜூல்.

ஒரு மனிதன் களைக்காமல் நெடுநேரம் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். அதாவது குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு அவன் தருவது 50 ஜூல். ஆக, இரண்டரைச் சுற்றுக்கு மேற்பட்ட உழைப்பு எப்போதும் சக்கரத்தில் சேமிப்பாக இருக்கிறது. உளி கடினமான இடத்தைத் தொடும்போது சக்கரம் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறது. சிறுகச் சேர்த்து அவசரத்தில் எடுக்கும் நம் வீட்டுச் சிறுவாடு போன்றதே இதுவும்.

சக்கரத்துக்கும் மேலேயுள்ள கப்பிக்கும் விகிதம் நான்கு. எனவே மேலே நிமிடத்துக்கு 360 சுற்று. 25 மி.மீ. கம்பியின் மேற்பரப்பு அப்போது உளியைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 28 மீட்டர். மென்மையான இரும்பைக் கடைய இது ஏற்ற வேகமே. பெரிய விட்டத்துக்குப் பேக் கியரைப் பூட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அங்குல லேத்தில் மெட்ரிக் மரை

இன்று புதிதாக வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் மெட்ரிக். 6.35 மி.மீ. லீட் ஸ்க்ரூவால் 2 மி.மீ. மரை வெட்ட முடியுமா? விகிதம் 2/6.35, அதாவது 40/127. 127 பல் சக்கரம் இருந்தால் துல்லியமாக முடியும். ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. என்று 1959-இல் நாடுகள் ஒப்புக்கொண்டதால் இந்த விகிதம் மிகச் சரியானது. 127 பகா எண்; வேறு சக்கரங்களைச் சேர்த்து அதை உண்டாக்க இயலாது. எங்கள் பெட்டியில் அது இல்லை.

ஆனால் நெருங்கிய பின்னம் ஒன்றைத் தேடலாம். ஓர் இரவு முழுதும் தேடியதில் 17/54 கிடைத்தது. இதை 85/90 × 20/60 என்று எழுதலாம். நான்கு சக்கரங்களும் எங்களிடம் இருக்கின்றன! கிடைக்கும் மரை 1.9991 மி.மீ. பிழை ஒரு மரைக்கு 0.001 மி.மீ.-க்கும் குறைவு, ஓர் அங்குல நீளத்தில் சுமார் 0.012 மி.மீ. சாதாரண போல்ட்டுக்கு இது ஒரு பொருட்டன்று. காலையில் தந்தையிடம் சொன்னேன். தாளில் எழுதிய பின்னங்களைக் கேட்டுவிட்டு, "புள்ளியில சொல்லு" என்றார். எட்டுப் புள்ளி ஒரு கோடு, ஒன்பது புள்ளி, இரண்டு புள்ளி, ஆறு புள்ளி என்றேன். அவரே பூட்டினார். மெட்ரிக் நட்டு சிக்கலின்றி ஏறியது.

முதல் வேலை

புரட்டாசி இறுதியில் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வந்தார். அவருடைய பழைய எண்ணெய் எஞ்சினின் தலைப்பகுதி போல்ட் முறிந்துவிட்டது. எட்டணா அளவு என்று பட்டறைக்காரர்கள் சொல்வது அரை அங்குலம்; இது பத்தணா அளவு, ஐந்தெட்டு அங்குலம். விட்வொர்த் முறையில் அதற்கு 11 மரை. கடைகளில் கிடைக்கவில்லை. வயலில் தண்ணீர் இறைக்க வேண்டும்.

விகிதம் 4/11. பதினொன்றைக் காரணியாகக் கொண்ட சக்கரங்கள் 55-உம் 110-உம் மட்டுமே. 110 தொலைந்துபோனது. ஆகவே 20/55 ஒன்றே வழி. நான் கெடுத்த சக்கரம்!

தந்தையார் அதைக் கையில் எடுத்து, குழிகளின் ஓரத்தில் நின்ற கூர்முனைகளை மட்டும் சின்ன அரத்தால் வழித்தார். "பல்லு எண்ணிக்கை குறையலயே" என்றார். உண்மைதான். விகிதத்தைத் தீர்மானிப்பது பற்களின் எண்ணிக்கை. முகத்தின் அழகு அன்று. சத்தம் சற்று அதிகம் கேட்டது. நான் மிதிக்க, அவர் வெட்ட, ஒன்றேகால் மணி நேரத்தில் போல்ட் ஆயிற்று. அன்று மாலை அந்த எஞ்சின் ஓடிற்று.

ஐப்பசி பிறப்பதற்குள் இவ்வாறு வந்த சிறு வேலைகளால் 4,000 ரூபாய் சேர்ந்தது. பன்னிரண்டாயிரம் ஆகவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுக்களைப் பக்கம் மட்டும் ஓடு மாற்றினோம். கூடத்தின் மேல் இந்த மழைக்கும் தார்ப்பாய்தான். அடுக்களை ஒழுகாத முதல் மழை இரவில் அம்மா கொட்டகைக்கு வந்து, லேத்தின் மேல் கிடந்த சாக்கை எடுத்துவிட்டுத் தன் பழைய புடவை ஒன்றை மடித்துப் போர்த்தினாள். "ஈரம் பட்டா துரு ஏறும்ல" என்றாள்.

முடிவுரை

இதுபோன்ற பழைய இயந்திரங்கள் நம் டெல்டா ஊர்களின் மில்களிலும் பட்டறைகளிலும் கொட்டகைகளிலும் இன்னும் நிற்கின்றன. இரும்புக் கடைத் தராசு அவற்றின் எடையை மட்டுமே அறியும். அப்படி ஒன்றைக் காணும் மாணவ நண்பர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம். முதலாவது, மரையின் இடைவெளியை அளந்து எந்த முறை என்று அறிக. இரண்டாவது, சுரண்டாமல் தாளை ஒற்றி எழுத்தைத் தேடுக. மூன்றாவது, பற்சக்கரங்களை எண்ணி அட்டவணை எழுதுக. நான்காவது, கேள்விப்பட்டதையும் கண்டறிந்ததையும் தனித்தனியே குறித்து வைக்க. ஐந்தாவதே முதன்மையானது: அந்த இயந்திரத்தில் உழைத்த கைகள் இன்னும் இருந்தால், எதையும் துடைப்பதற்கு முன் அவர்களைக் கேட்க. நாம் வடு என்று நினைப்பது அவர்களுடைய எழுத்தாக இருக்கலாம்.

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிப்பு என்பது என்னிடமிருந்து தொடங்குகிறது என்று எண்ணியிருந்தேன். அந்தப் பற்சக்கரப் பெட்டியைத் திறந்த பின் அவ்வாறு எண்ணுவதில்லை. இப்போது தந்தையார் மாலை வேளையில் மைப்படித் தாளை எதிரில் வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பழகுகிறார். 'கோல்செஸ்டர்' வரை வந்திருக்கிறார்.